ஆரம்பத்திலேயே எடுத்த பிறகும் ஏன் வரச் சொல்கிறோம்?



எங்களுக்கு வருகிற கடிதங்களில் ஒரு கேள்வி அடிக்கடி தலைகாட்டுகிறது. இரைப்பையில் புற்றுநோய் என்று கண்டார்கள். அதுவும் ஆரம்ப நிலையிலேயே கண்டார்கள். ஆப்பரேஷன் செய்து எடுத்தாயிற்று. தையல் பிரித்து நோயாளி தம் காலால் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். அப்படியிருக்க, ஐந்து வருஷத்துக்கு அவரைத் திரும்பத் திரும்ப ஏன் வரச் சொல்லவேண்டும்? அதற்கு ஏன் செலவு? நோய் போயிற்றா, போகவில்லையா?

கேள்வி நியாயமானது. காணிக்கையாகக் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் என்ன ஆயிற்று என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நோயாளியின் வீட்டாரும் இதையேதான் கேட்கிறார்கள். "ஆப்பரேசன்தான் முடிஞ்சுபோச்சே டாக்டரம்மா, இன்னும் எதுக்கு ரத்தம் எடுக்குறீங்க?" என்று கேட்காத குடும்பம் குறைவு. ஆகவே இந்த இதழின் பாடத்தை முழுவதும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம். சற்று நீளமாகத்தான் இருக்கும்; பொறுமையாக வாசிக்க வேண்டுகிறோம்.

ஆரம்பம் என்ற சொல்

இரைப்பையின் சுவர் ஒரே கனமான தோல் அல்ல. உள்ளேயிருந்து வெளியே வந்தால் முதலில் சளிச்சவ்வு. அதன் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அதற்கு அடியில் ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் ஓடுகிற மெதுவான அடிப்படலம். பிறகு தசை. கடைசியில் எல்லாவற்றையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறை. புற்றுநோய் சளிச்சவ்வில் பிறந்து மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது.

1962-ஆம் ஆண்டு ஜப்பானிய எண்டாஸ்கோப்பி மருத்துவர்கள் ஒரு வரையறை செய்தார்கள். நோய் சளிச்சவ்வையும் அடிப்படலத்தையும் தாண்டாமல், தசைக்குள் இறங்காமல் நின்றிருந்தால் அது ஆரம்ப நிலைப் புற்றுநோய். நிணநீர் முடிச்சுகளுக்கு நோய் போயிருக்கிறதா இல்லையா என்பது இந்த வரையறையில் சேராது. உலகமெங்கும் இதைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள்.

கடைசிக்கு முந்தின வாக்கியத்தைத் தயவுசெய்து இன்னொருமுறை வாசியுங்கள். நாம் "ஆரம்பம்" என்றவுடன், நேற்று வந்த நோய், இன்னும் எங்கும் போகாத நோய் என்று எண்ணிக்கொள்கிறோம். மருத்துவர் சொல்லும் ஆரம்பம் ஆழத்தைக் குறிக்கிறது, காலத்தை அல்ல. சில வருஷங்களாகவே அங்கே இருந்த நோயாகவும் அது இருக்கலாம். ஆழம் குறைவாக இருக்கும்போதே சில உயிரணுக்கள் பக்கத்து முடிச்சுக்குப் போயிருக்கவும் கூடும். நிணநீர் முடிச்சு என்பது வேறொன்றுமில்லை. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் "நெறி கட்டியிருக்கிறது" என்பார்களே, அதே இனம். இரைப்பையைச் சுற்றிலும் அப்படிப்பட்ட முடிச்சுகள் நிறைய உண்டு.

நோய் சளிச்சவ்வோடு நின்றிருந்தால் நூற்றில் ஏறக்குறைய 2 முதல் 5 பேருக்கு முடிச்சில் நோய் காணப்படுகிறது. அடிப்படலம்வரை இறங்கியிருந்தாலோ அது நூற்றில் ஏறக்குறைய 20 ஆகிவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் கணக்கு இவ்வளவு மாறுகிறது.

நல்ல செய்தியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆரம்ப நிலையில் முறையாக ஆப்பரேஷன் செய்யப்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் ஐந்து வருஷம் கடந்தும் உயிரோடு இருக்கிறார்கள். ஜப்பானிலும் கொரியாவிலும் பெரிய மருத்துவமனைகள் தங்கள் நோயாளிகளை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்ததில், நோய் திரும்பி வந்தது நூற்றில் ஏறத்தாழ 1 முதல் 3 பேருக்குத்தான். புற்றுநோய்களில் இவ்வளவு நம்பிக்கை தருகிற கணக்கு அதிகமில்லை. ஆனால் அந்த ஒருவரோ மூவரோ யார் என்பது ஆப்பரேஷன் முடிந்த அன்று யாருடைய நெற்றியிலும் எழுதியிருப்பதில்லை. முடிச்சில் நோய் இருந்தவர்களுக்கு அபாயம் பலமடங்கு அதிகம் என்பது மட்டும் தெரியும்.

வியன்னாவில் ஒரு தாயார்

இரைப்பைப் புற்றுநோய்க்கு ஆப்பரேஷன் செய்து நோயாளி பிழைத்தது முதன்முதலில் 1881 ஜனவரி 29-இல் வியன்னா நகரில். செய்தவர் தியடோர் பில்ரோத். நோயாளி தெரேசா ஹெல்லர் என்ற 43 வயதுப் பெண்மணி. அதற்கு முன் 1879-இல் பாரிஸில் பெயானும், 1880-இல் ரிடிகியரும் முயன்றிருந்தார்கள். அந்த நோயாளிகள் பிழைக்கவில்லை. பில்ரோத்தின் நோயாளியோ எழுந்து நடந்தார், உண்டார், வீடு திரும்பினார். ஐரோப்பா முழுவதும் அந்தச் செய்தி பேசப்பட்டது.

ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து அந்தப் பெண்மணி, நோய் பரவியதால் இறந்துபோனார். கத்தி எட்டிய இடத்தைத் தாண்டி நோய் முன்னமே போயிருந்தது. அவருடையது ஆரம்ப நிலை அல்ல. வெளியிலிருந்து கைக்குத் தட்டுப்படும் கட்டி. ஆகவே அவரையும் நம் நோயாளிகளையும் ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒரு பாடம் அன்றைக்கே கிடைத்துவிட்டது: ஆப்பரேஷன் வெற்றி என்பது ஒன்று, நோயிலிருந்து விடுதலை என்பது வேறொன்று. அதன்பின் வந்த நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில், இரைப்பையோடு சுற்றியுள்ள முடிச்சுகளையும் ஒழுங்காக எடுக்கும் முறையை விசேஷமாக ஜப்பானிய அறுவை மருத்துவர்கள் வளர்த்தார்கள். எடுத்த முடிச்சுகளில் குறைந்தது 15, 16-ஐயாவது மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் நோயின் நிலையை உறுதியாகச் சொல்ல முடியும் என்பது இன்றைய விதி. மூன்று முடிச்சுகளைப் பார்த்துவிட்டு "முடிச்சில் நோய் இல்லை" என்று எழுதப்பட்ட ரிப்போர்ட்டில் ஆறுதல் கொஞ்சம்தான்.

விதையும் மண்ணும்

ஒரு கட்டியிலிருந்து பிரிந்துபோன உயிரணு எங்கே போகிறது? நான்கு வழி உண்டு.

நிணநீர் வழியைச் சொல்லிவிட்டோம். இரண்டாவது ரத்த வழி. இரைப்பையிலிருந்து புறப்படும் ரத்தம் நேரே ஈரலுக்குப் போகிறது. ஆகவே ரத்தத்தில் ஏறிய உயிரணுவுக்கு முதல் நிறுத்தம் ஈரல். அதையும் தாண்டினால் நுரையீரல், எலும்பு. மூன்றாவது, இரைப்பையின் வெளி உறையைத் துளைத்துக்கொண்டு வயிற்றறைக்குள்ளேயே சிந்துவது. குடலின்மேலும் வயிற்றின் உட்சவ்விலும் சிறு சிறு மணிகளாகப் படிந்து, பின்னால் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். முற்றிய நோயில் இது மிகச் சாதாரணம். ஆரம்ப நிலையில் நோய் வெளி உறையை எட்டியிருப்பதில்லை. ஆகவே இந்த வழி அபூர்வம். ஆரம்ப நிலை நோய் தூரத்தில் திரும்பி வந்தால் பெரும்பாலும் ரத்த வழியில், ஈரலில், எலும்பில் வருகிறது. நான்காவதை, அதாவது மிச்சமுள்ள இரைப்பையிலேயே வருவதை, தனியாகச் சொல்லவேண்டும்.

1889-இல் ஸ்டீபன் பேஜெட் என்ற ஆங்கில மருத்துவர் மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். ரத்தம் எல்லா உறுப்புக்கும்தான் போகிறது. அப்படியிருக்க ஈரலில் இவ்வளவு பேருக்கு நோய் முளைக்க, மண்ணீரலில் ஏன் இவ்வளவு குறைவு? செடி விதைக்கும்போது விதை எல்லாத் திசையிலும் போகிறது, ஏற்ற மண்ணில் விழுந்தது மட்டுமே முளைக்கிறது என்று அவரே விடையும் சொன்னார். விதைக்கிறவனுடைய உவமையை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பேஜெட்டின் நியாயம் அதே நியாயம்தான்.

போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு இன்னும் சுலபமாகப் புரியும். போடி ஏலக்காய்க் கிடங்குகளில் தரையெல்லாம் ஏல விதை சிந்துகிறது. அங்கே ஒரு செடி முளைத்துப் பார்த்தவர் உண்டா? தேவாரத்தில் வீட்டு முற்றத்தில் தினமும் தண்ணீர் ஊற்றினாலும் ஏலம் தழைப்பதில்லை. அதே விதை மெட்டு ஏறி, மரநிழலும் ஈரமும் குளிரும் உள்ள மண்ணில் விழுந்தால் பிடித்துக்கொள்கிறது. புற்றுநோய் உயிரணுக்களிலும் ஆயிரக்கணக்கில் ரத்தத்தில் சிந்தியவை பெரும்பாலும் செத்துவிடுகின்றன. பிழைத்த ஒன்றிரண்டும் உடனே முளைப்பதில்லை. ஈரலிலோ எலும்பு மச்சையிலோ போய் வருஷக்கணக்கில் உறங்கிக்கிடக்கலாம். கோடையில் காய்ந்துகிடந்த புஞ்சையில் மழை பெய்தவுடன் கோரை தலைநீட்டுவதைப் போல, எது அதை எழுப்புகிறது என்று மருத்துவ உலகம் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. நான்காம் வருஷத்தில், ஏன், ஐந்து வருஷம் கடந்தும் ஆரம்ப நிலை நோய் திரும்பி வருவதற்கு இதுவே காரணம். வேகமான நோயானால் முதல் இரண்டு வருஷத்திலேயே வந்துவிடும். நிதானமான நோய் நிதானமாகவே வரும்.

ஆகையால் "ஐந்து வருஷம் ஆகிவிட்டது, இனி கவலையில்லை" என்பது ஏறத்தாழ உண்மை. முழு உண்மை அல்ல.

மிச்சமுள்ள இரைப்பை

நோய் கீழ்ப்பகுதியில் இருந்தால் பெரும்பாலும் இரைப்பையின் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடலோடு இணைக்கிறார்கள். அந்த மிச்சத்தில் பின்னால் இன்னொரு புற்றுநோய் வரலாம். இது பழைய நோய் பரவியது அல்ல; அதே நிலத்தில் புதிதாக முளைத்தது. முதல் நோயை வளர்த்த சளிச்சவ்வு அங்கே அப்படியே இருக்கிறதல்லவா? சிலருக்கு முதல் நாளிலேயே இரண்டு இடத்தில் நோய் இருந்து, சிறியது கண்ணில் படாமல் தப்பிவிடுவதும் உண்டு.

இந்த இடத்தில் நெய்யூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் ஏறப்போன ஆங்கிலக் குழுவில் ஹோவர்ட் சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். மலையிலிருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும்போது, அன்றைய தென் திருவாங்கூரிலிருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். 1924-இல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போய், ஏறக்குறைய 28,000 அடிவரை ஏறித் திரும்பி, பழையபடி நெய்யூர் வந்து கத்தியைக் கையில் எடுத்தார். அந்தப் பகுதியில் குடற்புண் மிக அதிகம். சாமர்வெல் அதற்குச் செய்த ஆப்பரேஷன்கள் ஏராளம். இரைப்பை, முன்சிறுகுடல் அறுவை பற்றி அவர் எழுதிய புத்தகமும் உண்டு. பின்னால் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் போதித்தார். மாத்திரைகள் இல்லாத அந்தக் காலத்தில் அல்சருக்கு இரைப்பையை வெட்டுவதோ, குடலோடு இணைத்துவிடுவதோதான் நிலையான வழி. 1970, 80களிலும் தென் தமிழ்நாட்டில் அது சாதாரணமாக நடந்தது.

ஏன் இதைச் சொல்கிறோம்? புற்றுநோயே இல்லாமல், வெறும் அல்சருக்காக இரைப்பையில் ஆப்பரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் 15, 20 வருஷம் கழித்து அந்த இணைப்புப் பகுதியில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுகிறது. பித்தநீர் அந்த இணைப்பின் வழியாக இரைப்பைக்குள் ஏறி, சளிச்சவ்வை ஓயாமல் உறுத்திக்கொண்டிருப்பது ஒரு காரணம். உங்கள் சபையில், உங்கள் தெருவில், மேல்வயிற்றில் நெடுக ஒரு பழைய தழும்போடு பெரியவர்கள் இருப்பார்கள். "அது அல்சர் ஆப்பரேசன், நாப்பது வருசம் ஆச்சு" என்பார்கள். அவர்களுக்குப் புதிதாகப் பசி குறைந்தாலோ ரத்தம் குறைந்தாலோ, வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் ஒருமுறை எண்டாஸ்கோப்பி பார்க்கச் சொல்லுங்கள்.

மிச்ச இரைப்பையில் வரும் நோயில் ஒரு நன்மை உண்டு. குழாய் விட்டுப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். சிறிதாக இருக்கும்போதே தெரிந்தால் மறுபடியும் எடுத்துவிடலாம். சில சமயம் வயிற்றைத் திறக்காமல் குழாய் வழியாகவே சீவி எடுத்துவிடலாம். நாங்கள் திரும்ப வரச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். ஈரலுக்கோ எலும்புக்கோ பரவியதை ஸ்கேனில் சில மாதம் முன்னதாகக் கண்டுபிடிப்பதால் ஆயுள் கூடுகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆகவே தொந்தரவு ஒன்றும் இல்லாத நோயாளிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுப்பது அவசியம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். எண்டாஸ்கோப்பியின் கதை வேறு. பணம் குறைவாக உள்ள இடத்தில் இந்த வித்தியாசம் முக்கியம்.

ஒரு கிருமியைப் பற்றி

இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் உயிர்வாழாது என்றுதான் வெகுகாலம் கல்லூரிகளில் கற்பித்தார்கள். ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அங்கே ஒரு வளைந்த கிருமியைக் கண்டார்கள். யாரும் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று அதற்குப் பெயர். இரைப்பைப் புற்றுநோய்க்கு அது காரணம் என்று 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அறிவித்துவிட்டது. நம் நாட்டில் சிறுவயதிலேயே பெரும்பாலோருக்கு இந்தக் கிருமி வந்துவிடுகிறது. அவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கறிக்குக் காரம் போட்டதால் வந்த நோய் என்று வீட்டுப் பெண்களைக் குற்றஞ்சாட்டுவது அநியாயம். அதிக உப்பில் ஊறியவை, பீடி, சிகரெட், இவைமேல் குற்றம் சாட்டினால் ஆதாரம் உண்டு.

நம் பாடத்துக்கு இது எப்படி வருகிறது என்றால், ஆரம்ப நிலை நோயைக் குழாய் வழியாகச் சீவி எடுத்தவர்களை வைத்துக் கொரியாவில் ஒரு பரிசோதனை நடந்தது. 2018-இல் முடிவு வெளியாயிற்று. கிருமிக்கு மருந்து கொடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 7.2 பேருக்கும், கொடுக்கப்படாதவர்களில் 13.4 பேருக்கும் இரைப்பையில் புதிய புற்றுநோய் வந்தது. சில நாட்கள் விழுங்குகிற சாதாரண மாத்திரைகள் அபாயத்தை ஏறக்குறையப் பாதியாக்கிவிட்டன. ஆப்பரேஷனுக்கு ஆகும் பணத்தோடு பார்த்தால் இந்த மருந்தின் விலை ஒரு பொருட்டே அல்ல. ஆயினும் விட்டுப்போவது இதுதான். டிஸ்சார்ஜ் சீட்டில் இந்தக் கிருமியைப் பரிசோதித்தார்களா என்று பாருங்கள்.

கையால் காணும் அடையாளங்கள்

நோய் தூரத்தில் பரவும்போது சில அடையாளங்கள் எந்தக் கருவியும் இல்லாமல் தெரியும். இடது பக்கக் காறையெலும்புக்கு மேலே உள்ள குழியில் கெட்டியாக ஒரு முடிச்சு. இதை 1848-இல் ஜெர்மனியில் விர்ஹோ எழுதிவைத்தார். பெண்களுக்குச் சினைப்பையில் கட்டியாக வரலாம். அதற்குக் குரூக்கன்பர்க் என்பவரின் பெயர். தொப்புளில் வரும் கட்டிக்கோ ஒரு கன்னியாஸ்திரீயின் பெயர் வழங்குகிறது.

அமெரிக்காவில் ராச்செஸ்டர் ஊரிலுள்ள புனித மரியாள் மருத்துவமனையில் சகோதரி மேரி ஜோசப் என்று ஒரு செவிலியர் இருந்தார். 1892 முதல் 1939-இல் மரிக்கும்வரை அந்த மருத்துவமனையின் நிர்வாகி. வில்லியம் மேயோ என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவருக்கு ஆப்பரேஷன் மேஜையில் அவரே உதவியாளர். ஆப்பரேஷனுக்காக நோயாளிகளின் வயிற்றைக் கழுவித் துடைக்கும்போது, தொப்புளில் கெட்டியாக ஒரு முடிச்சு தட்டுப்படுகிறவர்களுக்கு வயிற்றைத் திறந்தால் புற்றுநோய் எங்கும் பரவியிருப்பதை அவர் கவனித்தார். டாக்டரிடம் சொன்னார். மேயோ 1928-இல் அதைப் பற்றி எழுதினார். 1949-இல் ஹாமில்டன் பெய்லி என்ற ஆங்கில மருத்துவர் தம் பாடநூலில் அதற்கு அந்தச் சகோதரியின் பெயரையே இட்டார். மருத்துவ மாணவர்கள் இன்றும் அந்தப் பெயரால்தான் படிக்கிறார்கள். சுத்தம் செய்கிற கை கண்டுபிடித்ததை, கத்தி பிடித்த கை ஏற்றுக்கொண்டது. எங்கள் செவிலியர் வகுப்பில் இதைச் சொல்லாமல் நாங்கள் விடுவதில்லை.

ஆனால் இந்த அடையாளங்கள் தெரியும்போது நோய் வெகுதூரம் போயிருக்கும். அப்போது மருந்துச் சிகிச்சையால் காலத்தை நீட்டலாம். முற்றிலும் சுகமாக்குவது பெரும்பாலும் முடியாது. வலியைக் கட்டுக்குள் வைத்திருப்பது பெரும்பாலும் முடியும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் முதலானோர் தொடங்கிய வலிநிவாரண ஊழியம் வீடுவீடாக மார்ஃபின் மாத்திரையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு நாடெங்கும் அந்த மருந்துக்கான தடைகள் தளர்ந்தன. "அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க அய்யா" என்று பிள்ளைகள் கைகூப்பி நிற்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. அப்பாவுக்கோ பெரும்பாலும் முன்னமே தெரிந்திருக்கிறது. பிள்ளைகளுக்காக அவர் தெரியாதவர்போல இருக்கிறார். நிலத்தைப் பற்றியும் பெண் கல்யாணத்தைப் பற்றியும் அவர் பேச விரும்புவதைப் பேசவிடாமல் இந்த ஒளிவு தடுத்துவிடுகிறது. கேட்கிறவருக்கு உண்மையைச் சொல்லவேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

திரும்பி வந்தது போலத் தெரிவது

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. இரைப்பை எடுத்தவர் மெலிந்துபோனால், "நோய் திரும்பிவிட்டது" என்று ஊரே முடிவு கட்டிவிடுகிறது. இரைப்பை சுருங்கிப்போனவர் ஒரு வேளைக்கு ஒரு தட்டுச் சோறு சாப்பிட முடியாது. சாப்பிட்டால் உணவு மொத்தமாகக் குடலில் இறங்கி, படபடப்பு, வியர்வை, மயக்கம், வயிற்றுப்போக்கு வரும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, இனிப்பைக் குறைத்து, சாப்பாட்டோடு நிறையத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் பெரும்பாலும் இது அடங்கிவிடும்.

இன்னொன்று அதைவிடத் தந்திரமானது. வைட்டமின் பி12 சரீரத்தில் சேர்வதற்கு இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருள் தேவை. முழு இரைப்பையையும் எடுத்துவிட்டால் அந்த வழி அடைபட்டுப்போகும். ஆனால் ஈரலில் சில வருஷங்களுக்குப் போதுமான சேமிப்பு இருக்கிறது. ஆகவே மூன்றாம், நான்காம் வருஷத்தில், நன்றாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று இளைப்பு, கால் மரமரப்பு, நாக்கில் எரிச்சல், தள்ளாட்டம். நோய் எலும்புக்கு வந்துவிட்டது என்று வீட்டார் நகையை விற்கக் கிளம்புவார்கள். தேவைப்படுவதோ சில ஊசிகள். ஆயுள் முழுவதும் போடவேண்டும், அவ்வளவுதான். விலை மிகக் குறைவு. வருஷக்கணக்கில் விட்டுவிட்டால் நரம்புச் சேதம் முழுவதும் திரும்பாது. திரும்ப வரச் சொல்வதற்கு இரண்டாவது காரணம் இது.

தேவாரத்திலிருந்து வருகிறவர்

மேற்கு மலையடிவாரத்தில் தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம், போடி வட்டாரத்து ஏலத்தோட்டத் தொழிலாளரை எண்ணிப்பாருங்கள். விடியுமுன்னே தூக்குச்சட்டியோடு ஜீப்பில் நெருக்கி ஏறி, போடிமெட்டோ கம்பம்மெட்டோ கடந்து, பூப்பாறை, உடும்பன்சோலைத் தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு இருட்டின பிறகு வீடு திரும்புகிறவர். நெஞ்செரிச்சல் என்றால் கடையில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். அமிலத்தைக் குறைக்கிற அந்த மாத்திரை புற்றுநோய்ப் புண்ணின் வலியையும் சில வாரம் அடக்கிவைக்கும். அதனால் நாள் போகும். ஜப்பானில் பரிசோதனை முகாம்களின் பலனாக இரைப்பைப் புற்றுநோயில் பாதிக்கும் மேல் ஆரம்ப நிலையிலேயே அகப்படுகிறது. கொரியாவில் 40 வயது தாண்டிய எல்லாருக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அரசே பரிசோதிக்கிறது. நமக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. 1980களின் தொடக்கத்திலிருந்து அடையாறு புற்றுநோய் நிலையம் சென்னையில் கணக்கெடுத்து வருகிறது. அங்கே ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பை நெடுங்காலமாக முன்வரிசையில் நிற்கிறது. ஆயினும் இங்கே பெரும்பாலோர் வருவது நோய் முற்றிய பிறகுதான். ஆகவே ஆரம்ப நிலையில் வந்து பிழைத்த ஒருவர் எங்களுக்கு அபூர்வமானவர். அவரைப் பாதியில் தவறவிடுவது மனதுக்கு மிகவும் பாரமானது.

அவர் எப்படித் தவறிப்போகிறார்? ஆப்பரேஷனுக்கு அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. உங்களைப்போன்றோர் உதவியும் இருக்கிறது. பரிசோதனைக்கு வரும் நாளிலோ அவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. துணைக்கு வரும் மகளுடைய கூலியும் போகிறது. பஸ் கட்டணம், சாப்பாடு. காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் மாதமானால் "நல்லாத்தானே இருக்கேன், அடுத்த தடவை போய்க்கிறலாம்" என்று தோன்றுவது இயற்கை. முதல் இரண்டு வருஷம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்து வருஷம்வரை ஆறு மாதமோ வருஷமோ ஒருமுறை, அதன்பின் வருஷத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான கணக்கு. ஆப்பரேஷனுக்குக் கொடுக்க மனமுள்ளவர்கள் அநேகர். பஸ் கட்டணத்துக்கும் விட்டுப்போன கூலிக்கும் கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஒரு நோயாளிக்கு ஆப்பரேஷன் செய்துவிட்டு அவரைத் திரும்பப் பார்க்காமல் விடுவது, நாற்றை நட்டுவிட்டு வரப்பைப் பார்க்காமல் இருப்பது போலத்தான் எங்களுக்குப் படுகிறது.

கடைசியாக, உங்கள் உறவினரோ சபையாரோ இந்த ஆப்பரேஷன் செய்துகொண்டிருந்தால் டாக்டரிடம் கேட்டுத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: நோய் எந்தப் படலம்வரை இறங்கியிருந்தது, எத்தனை முடிச்சு பார்த்தார்கள், அவற்றில் எத்தனையில் நோய் இருந்தது, இரைப்பையில் எவ்வளவு மிச்சம், கிருமிக்கு மருந்து கொடுத்தாயிற்றா, பி12 ஊசி எப்போது. வேறு எந்த ஊரில் எந்த டாக்டரிடம் போனாலும் அவர் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான். ஆப்பரேஷன் ஆஸ்பத்திரியில் கொடுத்த பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகலையும் அதோடு சேர்த்து, ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறையிலேயே போட்டு வையுங்கள். அந்த உறை மட்டும் எந்த வீட்டிலும் தொலைவதில்லை.